வண்டியைத் தொடவில்லை என்று சொன்னாயே

தம்பி செந்தில்,

நேற்று ராத்திரி போனைச் சட்டென்று வைத்துவிட்டேன், கோபம் என்று நினைத்திருப்பாய். கோபமெல்லாம் இல்லை. "கொஞ்சமாத்தான் குடிச்சேன்ப்பா, வண்டியத் தொடவே இல்ல, ரூமுக்கு நடந்தேதான் வந்தேன்" என்று நீ பெருமையாகச் சொன்னாய் பார், அதைக் கேட்டதும் எனக்குப் பேச்சு வரவில்லை. பழைய மகாபலிபுரம் ரோட்டை ராத்திரி பதினொன்றரைக்கு, மெட்ரோ வேலைத் தடுப்புகளுக்கு நடுவே புகுந்து, தனியாகக் குறுக்கே கடந்திருக்கிறாய். போனில் சொன்னால் நடுவில் நீ "சரிப்பா சரிப்பா" என்று முடித்துவிடுவாய், அதனால் எழுதுகிறேன்.

வண்டியை எடுக்காமல் விட்டது நல்ல காரியம், அதில் எனக்குக் குறையே இல்லை. ஓட்டுகிறவன் ரத்தத்தில் மது 100 மில்லிக்கு 30 மில்லிகிராம் தாண்டினால் முதல் தடவைக்கே பத்தாயிரம் ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை உள்ளேயும் போகலாம், அதெல்லாம் உனக்குத் தெரியும். உனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. சின்ன வயதில் "ஏம்ப்பா நீங்க மட்டும் பரோட்டா வாங்கிட்டு வரவே மாட்டேங்கறீங்க" என்று அழுவாயே, நானும் ஏதாவது சொல்லிச் சமாளிப்பேனே, அதற்குப் பின்னால் இருக்கிற கதை.

2009 டிசம்பர். நீ நாலாவது படித்துக்கொண்டிருந்தாய். மதுரையிலிருந்து திருச்சிக்குக் கடைசி டிரிப், விராலிமலை வரப்போகிற இடம், பஸ்ஸில் பாதிப் பேர் தூங்கிவிட்டார்கள். எதிரே லாரிகள் வந்ததால் டிம் போட்டிருந்தேன். வேகம் எழுபது இருக்கும். நடுவில் அரளிச் செடி வைத்திருப்பார்களே, அந்தச் செடியை விலக்கிக்கொண்டு ஒரு ஆள் இறங்கினார். கறுப்புச் சட்டை, கைலி, கையில் ஒரு பாலித்தீன் பை.

முப்பது வருஷம் ஸ்டியரிங் பிடித்தவன் சொல்கிறேன், ரோட்டில் ஓடுகிற ஆளைக் கணக்குப் போடலாம், நிற்கிற ஆளையும் கணக்குப் போடலாம். அவர் ஒரு எட்டு முன்னால் வைத்தார், வெளிச்சத்தைப் பார்த்து நின்றார், ஒரு எட்டு பின்னால் போனார், மறுபடி முன்னால் வந்தார். இதை எந்த டிரைவராலும் கணக்குப் போட முடியாது. என் கை முதலில் ஹாரனுக்குப் போனது, காலில் பிரேக் அதற்கப்புறம்தான். இத்தனை வருஷமாக அந்த ஹாரனைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

பஸ் நின்றதும் கண்டக்டரும் நானும் டார்ச் எடுத்துக்கொண்டு ஓடினோம். ரோடு முழுக்க சால்னா. பரோட்டா பார்சல் பிரிந்து டயர் தடத்தில் ஒட்டிக் கிடந்தது, அந்த மசாலா வாசனையும் அவர் மேல் அடித்த வாடையும் சேர்ந்து வந்தது. உயிர் இருந்தது. 108 ஆம்புலன்ஸ் தமிழ்நாட்டுக்கு வந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது, வரும் வராது என்று ஆளாளுக்குச் சொன்னார்கள், வந்துவிட்டது. ரெண்டாம் நாள் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார்.

வழக்கு மூன்று வருஷம் நடந்தது, கடைசியில் விடுதலை ஆனேன். பிரேதப் பரிசோதனை அறிக்கையில் வயிற்றில் மது இருந்ததாக ஒரு வரி. என் வக்கீல் அந்த வரியைப் பிடித்துக்கொண்டுதான் என்னைக் காப்பாற்றினார். அதே வரியை வைத்துத்தான், செத்தவர் மேலும் தப்பு உண்டு என்று அவர் மனைவிக்குக் கிடைக்கவேண்டிய நஷ்டஈட்டைக் குறைத்தார்கள். ஒருநாள் கோர்ட் வராந்தாவில் அந்தம்மா என் பக்கத்தில் வந்து நின்று "ரொம்பக் குடிச்சிருந்தாருங்களா?" என்று கேட்டது. "தெரியலம்மா" என்றேன். தெரியும்தான். வேறென்ன சொல்ல?

இப்போது அந்த ராத்திரியைக் கணக்காகப் போட்டுப் பார். எழுபதில் போகிற வண்டி நொடிக்கு 19 மீட்டர் தாண்டும். டிம் வெளிச்சத்தில் கறுப்புச் சட்டைக்காரன் கண்ணில் படுவதே முப்பது மீட்டருக்குள்தான். ஆளைப் பார்த்து, ஆள்தான் என்று மூளைக்கு எட்டி, கால் பிரேக்குக்குப் போகவே ஒரு நொடிக்கு மேல் ஆகும், ஆட்களை ஏற்றிய பஸ் நிற்க அதற்கப்புறம் இன்னும் எவ்வளவோ தூரம் வேண்டும். ஆக, டிரைவர் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காத யோக்கியனாக இருந்தாலும் பாதிக் கணக்கு நடக்கிற ஆள் கையில்தான் இருக்கிறது. தூரத்தில் வருகிற விளக்கு எவ்வளவு வேகமாக வருகிறது என்று ராத்திரியில் நிதானமாக இருக்கிறவனுக்கே பிடிபடாது. உள்ளே போன சரக்கு முதலில் கெடுப்பதே அந்தக் கணிப்பைத்தான். கால் தள்ளாடுவதெல்லாம் அப்புறம். அதனால்தான் எல்லாரும் "நான் ஸ்டெடியாத்தான் இருக்கேன்" என்கிறார்கள், அவர்களைப் பொறுத்தவரை அது பொய்யும் இல்லை.

மோர் குடித்தேன், தலையில் தண்ணி ஊற்றினேன் என்பதெல்லாம் சும்மா. 30 மில்லி பெக் ஒன்று ரத்தத்திலிருந்து இறங்கவே ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகும், குவார்ட்டருக்கு நீயே பெருக்கிக்கொள்.

2022-ல் நாடு முழுக்க சாலையில் செத்தவர்கள் 1,68,491 பேர், அதில் நடந்து போனவர்கள் மட்டும் 32,825. இதில் எத்தனை பேர் குடித்திருந்தார்கள்? அரசாங்க அறிக்கையில் குடித்துவிட்டு ஓட்டியதற்குத் தனிக் கட்டம் உண்டு, குடித்துவிட்டு நடந்தவனுக்கு ஒரு கட்டத்தை நான் பார்த்ததில்லை. அமெரிக்காவில் அதையும் எண்ணுகிறார்கள். அங்கே நடந்து போகையில் வண்டி மோதிச் சாகிற பெரியவர்களில் பத்துக்கு மூன்று பேர், கார் ஓட்டியிருந்தால் போலீஸ் பிடித்திருக்கும் அளவுக்குக் குடித்தவர்கள்.

குற்றத்தை முழுக்க நடப்பவன் தலையில் கட்டுகிறேன் என்று நினைக்காதே. நடக்கிறவனை ஊதச் சொல்லி யாரும் குழாயை நீட்டுவதில்லை, நீட்டவும் கூடாது. நடைபாதை இல்லை, இருக்கிற இடத்தில் கடை போட்டிருப்பார்கள், கடக்க வேண்டுமென்றால் அரைக் கிலோமீட்டர் போய்த் திரும்ப வேண்டும். 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடையே கூடாது என்றது, தமிழ்நாட்டு வக்கீல் கே. பாலு போட்ட வழக்கில் ஆரம்பித்த விவகாரம் அது. ஏப்ரல் 2017-ல் தமிழ்நாட்டில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள் மூடின. டிப்போவில் நாங்கள் டீ வாங்கிக் கொண்டாடினோம். சின்ன ஊருக்கு 220 மீட்டர் போதும் என்று அதற்கு முன்பே குறைத்திருந்தார்கள், அப்புறம் நகராட்சி எல்லைக்குள் தடை பொருந்தாது என்று விலக்கும் அதே வருஷம் வந்தது. அப்போது பேச்செல்லாம் டிரைவர் குடிப்பதைப் பற்றித்தான். கடையிலிருந்து எதிர்ப்பக்கம் பஸ் பிடிக்க ரோட்டைக் கடக்கிறவனைப் பற்றி யாரும் பேசின மாதிரி எனக்கு ஞாபகம் இல்லை.

குடிக்காதே என்று சொல்ல ஆசைதான். இருபத்தைந்து வயசுப் பையனிடம் சொல்லி ஆகிற காரியமா? குடித்த அன்றைக்கு அங்கேயே படுத்துக்கொள், பாய் இல்லையென்றால் தரையில் படு. இல்லை, வந்துதான் ஆகவேண்டும் என்றால் ஆட்டோ பிடித்து வாசலில் இறங்கு, எதிர்ப்பக்கம் இறக்கிவிடச் சொல்லி இருபது ரூபாய் மிச்சம் பிடிக்காதே, அந்த இருபது ரூபாய்க்காகத்தான் ரோட்டைக் கடக்க வேண்டியிருக்கும். உன்கூட இருக்கிறவன் "நான் நடந்தே போயிடுறேன்" என்று கிளம்பினால், வண்டிச் சாவியைப் பிடுங்குகிற மாதிரி அவன் செருப்பை எடுத்து ஒளித்து வை. சிரிக்காதே, எங்கள் டிப்போவில் அப்படித்தான் செய்வோம்.

அந்த ஆக்சிடெண்ட் பற்றி அம்மாவுக்குப் பாதிதான் தெரியும், கோர்ட் வராந்தா விஷயம் தெரியாது. நீ கேட்டுவைக்காதே. அப்புறம், உன் ரூமில் இருக்கிற அந்தத் திருநெல்வேலிப் பையன் நம்பரை எனக்கு அனுப்பி வை, உன்னிடம் சொல்லாமல் கூப்பிட மாட்டேன்.

அப்பா