பேய் வந்தது, உங்கள் விமர்சகர்தான் பார்க்கவில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு சினிமா பக்கத்தில், 1961-ல் வந்த 'தி இன்னசென்ட்ஸ்' படத்தைப் பற்றி உங்கள் விமர்சகர் ஒரு வரி எழுதியிருந்தார்: "பேய் எப்போது வரும் என்று காத்திருந்தே கொட்டாவி வந்துவிட்டது." அதைப் படித்ததில் என் காலைத் தேநீர் ஆறிப்போனதுதான் மிச்சம்.

பேய் வந்தது, ஐயா. பட்டப்பகலில் வந்தது. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வந்த நாயகி டெபோரா கெர் ரோஜாப் பூ வெட்டிக்கொண்டிருக்கும்போது கோபுரத்தின் மேல் ஓர் ஆள் நிற்கிறான். பிறகு ஏரியின் அக்கரையில், கோரைக்கு நடுவே, கறுப்பு உடையில் ஒருத்தி. சும்மா நிற்கிறாள், அவ்வளவுதான். 'டமார்' என்று சத்தம் போடாததால் உங்கள் விமர்சகர் கவனிக்கவில்லை போலும். ஸ்டுடியோ அகலத்திரையில்தான் எடுக்க வேண்டும் என்றதால், ஒளிப்பதிவாளர் ஃப்ரெடி ஃபிரான்சிஸ் கேமரா லென்ஸ் முன் வைக்கும் ஃபில்டரின் ஓரங்களில் சாயம் தீட்டித் திரையின் இரு பக்கத்தையும் இருட்டாக்கினார். அந்த இருட்டுக்குள் ஏதோ இருக்கிறதோ என்று நம் கண் தானாக ஓரத்துக்குப் போகும். கைப்பேசியில் ஓட்டி ஓட்டிப் பார்த்தால் போகாது.

என் அப்பா நிபோங் திபால் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துப் பங்களாவில் ஜாகா (காவல்காரர்) வேலை பார்த்தவர். துரை கப்பலேறிய பிறகு அந்த வீடு பூட்டியே கிடந்தது. பேயைப் பார்த்தேன் என்று அவர் ஒரு நாளும் சொன்னதில்லை. "மாடிச் சன்னலை நான்தான் சாத்தினேன், விடிஞ்சி பார்த்தா திறந்து கெடக்கு" என்பார். அப்புறம் சுருட்டைப் பற்றவைப்பார். எனக்கு இன்று அறுபத்தெட்டு வயது. இருட்டிய பிறகு எந்த வீட்டு மாடிச் சன்னலையும் நிமிர்ந்து பார்க்க மாட்டேன். அப்பாவின் கதைக்கு உங்கள் விமர்சகர் ஒன்றரை நட்சத்திரம் போட்டிருப்பார்.

இது முதல் தடவை என்றால் பொறுத்துக்கொண்டிருப்பேன். போன வருடம் 1957-ல் வந்த 'பொந்தியானாக்' என்ற மலாய்ப் பேய்ப் படத்தைப் பற்றி அரைப்பக்கம் எழுதினீர்கள். நாயகி மரியா மெனாடோவின் படம் மட்டும் இரண்டு. இயக்குநர் பி.என். ராவ் பெயரைத் தேடித் தேடிக் கண் வலித்தது (எழுத்தைப் பெரிதாக்குங்கள் என்று கேட்டுக் கேட்டு நானும் ஓய்ந்துவிட்டேன்). இந்தியாவிலிருந்து வந்து மலாய்ப் பேய்க்குத் திரையில் உயிர் கொடுத்த மனிதர் அவர். அப்போதே கடிதம் எழுதினேன். இடமில்லை போலும், வரவில்லை. அதே வாரம் ஒரு நடிகரின் நாய்க்குட்டிக்கு முழுப் பக்கம் கிடைத்தது. நாய்க்குட்டி மேல் எனக்குக் கோபமில்லை.

போன மாதம் ஜோர்ஜ்டவுனில் ஒரு பேரங்காடித் திரையரங்குக்குப் போனேன். படத்தில் ஒரு பெண் இருட்டில் மெழுகுவத்தியோடு படியேறுகிறாள். பக்கத்து இருக்கைத் தம்பி கைப்பேசி விளக்கைப் போட்டுச் சோளப்பொரி தேடுகிறார். அவரும் உங்கள் சினிமா பக்கம் படிப்பவராக இருக்கலாம்.

சரி, நான் கேட்பது அதிகமில்லை. விமர்சனத்தின் கீழே படம் எத்தனை நிமிடம் என்று போடுங்கள். 'தி இன்னசென்ட்ஸ்' நூறு நிமிடம்தான்; முன்கூட்டியே தெரிந்தால் உங்கள் விமர்சகர் தூங்கி எழுந்து வந்து உட்காரலாம். பி.என். ராவ் பெயரையும் ஒரு வரித் திருத்தமாகப் போட்டுவிடுங்கள். ராசிபலனுக்குக் கீழே இடம் இருந்தால்கூடப் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர்,
பட்டர்வொர்த், பினாங்கு