எத்தனை கோழி வந்தாலும் குப்பியை உடையுங்கள்

எங்கள் ஊர்க் கால்நடை மருந்தகத்தாருக்கும், மேலே இருந்து அவர்களுக்கு மருந்தும் உத்தரவும் அனுப்பும் அதிகாரிகளுக்கும்,

ஐயா, அம்மா, வணக்கம்.

போன சனிக்கிழமை கோழிகளோடு வந்து, வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசி போடாமலே திரும்பிப் போனவர்களில் நானும் ஒருத்தி. காரணம் உங்களுக்கே தெரியும், நீங்கள் சொன்னதுதான். "மருந்துக் குப்பியை உடைச்சா நூறு கோழிக்குப் போடணும்மா, மிச்சத்தைக் கொட்டத்தான் வேணும். அம்பது கோழியாவது சேத்துக்கிட்டு வாங்க." அன்றைக்கு நான் கொண்டு வந்தது ஒன்பது. எனக்கு முன்னால் நின்ற பாட்டி, சாக்கில் ஓட்டை போட்டுத் தலைகள் மட்டும் வெளியே தெரியக் கொண்டு வந்தது மூன்று. இரண்டையும் கூட்டினால் பன்னிரண்டு. மீதி முப்பத்தெட்டுக்கு நாங்கள் எங்கே போவது?

குப்பியைப் பற்றிச் சொன்னது பொய் இல்லை, அது எனக்கும் தெரியும். உறைய வைத்து உலர்த்திய மருந்து. கரைத்துவிட்டால் ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். எட்டு வாரம் ஆன கோழிக்கு இறக்கைக்கு அடியில் அரை மில்லி. இதையெல்லாம் உங்கள் மருந்தகத்தில்தான் கற்றுக்கொண்டேன், அதற்கு நன்றி. ஆனால் நூறு டோஸ் குப்பி ஒன்றின் விலை, வளர்ந்த நாட்டுக்கோழி ஒன்றின் விலையைத் தாண்டாது. மிச்சத்தைக் கொட்டினால் அரசுக்கு நட்டம் ஒரு கோழி. கொட்ட மனசு வராமல் குப்பியைப் பெட்டியிலேயே வைத்திருந்தால் ஒரு தெருவே காலியாகும். போன வருஷம் மாசியில் எங்கள் தெரு அப்படித்தான் காலியானது.

அதனால் கேட்பது ஒன்றுதான். மாதத்தில் ஒரு சனிக்கிழமையாவது, எத்தனை கோழி வந்தாலும், குப்பியை உடையுங்கள்.

வெள்ளைக்கழிச்சல் எப்படிக் கொல்லும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. புத்தகத்தில் ராணிக்கெட் நோய் என்பீர்கள். ஊசி போடாத வீட்டில் நுழைந்தால் நூற்றுக்கு எண்பது, தொண்ணூறு போய்விடும், வந்தபின் மருந்து கிடையாது என்பதும் உங்களுக்குத் தெரிந்ததே. ஆனால் அந்த மாசியில் என் கொல்லையில் நடந்ததை நீங்கள் பார்க்கவில்லை. முதல் நாள் காலையில் கூட்டைத் திறந்தபோது, எப்போதும் முதலில் வெளியே குதிக்கும் சாம்பல் வெடக்கோழி, இறகைச் சிலிர்த்துக்கொண்டு உள்ளேயே தூங்கி வழிந்தது. எச்சம் பச்சையும் வெள்ளையுமாகத் தண்ணீர் போல இருந்தது. வாயைத் திறந்து திறந்து மூச்சு வாங்கியது. அடுத்த நாள் இன்னும் நான்கு. பிழைக்கும் என்று நான் நம்பியிருந்த ஒன்றுக்குக் கழுத்து திருகிக்கொண்டது. தீனியைக் குறி வைத்துக் கொத்தும், அலகு பக்கத்து மண்ணில் போய்க் குத்தும். மறுபடி குறி வைக்கும், மறுபடி மண். கையில் எடுத்து ஊட்டினேன். அதையும் ஒரு வாரத்துக்குமேல் காப்பாற்ற முடியவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் நோய் வரும் முன்னே பாதி விலைக்கு விற்றுத் தள்ளினார்கள். வாங்கிப் போனவர் அந்தக் கூண்டோடு நோயை எந்த ஊருக்குக் கொண்டு போனாரோ.

"அடுத்த வாரம் வாங்க" என்று சொல்வது எளிதாக இருக்கிறது. இதில் ஒரு சிக்கல் உண்டு. கோழிக்கு மறதி கிடையாது.

எங்கள் வீட்டில் மூத்தவள் ஒருத்தி இருக்கிறாள், பெயரே பெரியவள்தான். மூங்கில் கூடையை நான் கையில் எடுத்தாலே போதும், முருங்கை மரத்தில் ஏறிவிடுவாள். முறத்தை எடுத்தால் ஓடி வருவாள், கூடையை எடுத்தால் ஓடிப் போவாள். கூடையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். என் நடையைப் பார்த்தே ஏதோ சரியில்லை என்று கண்டுபிடித்தாள். அதனால் விடிவதற்கு முன் டார்ச் அடிக்காமல் கூட்டுக்குள் கைவிட்டு, ஒவ்வொன்றாகத் தடவி எடுத்து, காலைக் கட்டிக் கூடையில் போட வேண்டியிருக்கிறது. அப்புறம் ஷேர் ஆட்டோ. கோழி என்றால் ஒரு ஆள் காசு கூடுதலாகக் கேட்பார்கள். இவ்வளவும் செய்து வந்தபின், ஊசி போடாமல், கால் கட்டின கோழிகளை அப்படியே கட்டோடு திருப்பி அனுப்புகிறீர்கள். அடுத்த சனிக்கிழமைக்குள் இன்னும் இரண்டு பேர் மரத்தில் படுக்கப் பழகிவிடுவார்கள். மரத்தில் படுக்கும் கோழியை நீங்களே வந்தாலும் பிடிக்க முடியாது.

கோழிக்கு மூளை இல்லை என்பது பிராய்லர் கடையில் உரித்த கோழியை மட்டுமே பார்த்தவர்கள் சொல்வது. எங்கள் சேவலை ஒரு காலை நேரம் உட்கார்ந்து பாருங்கள். குப்பையில் ஒரு வெட்டுக்கிளி கிடைத்தால் தான் விழுங்க மாட்டான். கொத்தி எடுத்துக் கீழே போடுவான், மறுபடி எடுத்துப் போடுவான், 'குக் குக் குக்' என்று கூப்பிடுவான். பெட்டைகள் ஓடி வரும். சில சமயம் ஒன்றுமே இல்லாமல், ஒரு சருகை வைத்துக்கொண்டும் அதே குரலில் கூப்பிடுவான். புள்ளி என்ற பெட்டை இரண்டு தடவை ஏமாந்தாள். இப்போது அவன் கூப்பிட்டால் தலையைத் தூக்கி அலகில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் காலை எடுத்து வைக்கிறாள். மேலே பருந்து வட்டமிட்டால் அவன் கொடுக்கும் குரல் வேறு, வேலியில் கீரி தலை காட்டினால் கொடுக்கும் குரல் வேறு. முதல் குரலுக்கு எல்லாம் செடிக்கடியில் பதுங்கும். இரண்டாவதற்குக் கழுத்தை நீட்டி நிமிர்ந்து நிற்கும். ஆராய்ச்சி செய்தவர்களும் இதையே எழுதி வைத்திருக்கிறார்கள். யார் யாரைக் கொத்தலாம், யார் யாருக்கு வழி விட வேண்டும் என்று கோழிகளுக்குள் ஒரு வரிசை உண்டு என்பதை நார்வேக்காரர் ஷெல்டெரப்-எப்பே 1921-லேயே சொல்லிவிட்டார். என் கொல்லையில் அந்த வரிசையில் பெரியவளுக்கு முதலிடம், எனக்கு எங்கோ நடுவில்.

செவலை என்ற இன்னொரு பெட்டை அடை உட்கார்ந்தால் வேறு ஆள். மற்ற நாட்களில் வாயாடி, அடையில் பேச்சே இருக்காது. பொரிப்பதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பு முட்டைக்குள்ளிருந்து குஞ்சு கீச்சிடும். அதற்கு அவள் தொண்டைக்குள்ளேயே ஒரு மெல்லிய பதில் கொடுப்பாள். நம்பாதவர்கள் எங்கள் வீட்டுக்கு வந்து காதை வைத்துக் கேட்கலாம். கையில் கொத்து வாங்கினால் நான் பொறுப்பில்லை.

2009-ல் இத்தாலியில், பொரித்துச் சில நாளே ஆன குஞ்சுகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். இரண்டு திரைகள். குஞ்சு பார்க்கப் பார்க்கச் சிறு பந்துகளை ஒன்றின் பின்னாலிருந்து மற்றதன் பின்னால் மாற்றினார்கள். எந்தத் திரைக்குப் பின்னால் அதிகம் இருக்கிறது என்று மனசிலேயே கூட்டிக் கழித்து, குஞ்சு சரியான திரைக்குப் போனது. ஆக, கூட்டல் கழித்தல் அவற்றுக்கும் தெரியும். ஐம்பது வரை எண்ணக் கற்றுக்கொடுத்தால் அவையே ஆள் சேர்த்துக்கொண்டு உங்கள் வாசலுக்கு வந்துவிடும் என்று நினைக்கிறேன்.

எண்ணிக்கை என்றதும் இன்னொன்று ஞாபகம் வருகிறது. 2019 கால்நடைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் கோழியினம் 12 கோடிக்கு மேல், நாட்டிலேயே முதலிடம் என்று பெருமையாகப் படித்தோம். நாடு முழுக்கக் கொல்லைப்புறக் கோழிகள் 31 கோடிக்கு மேல், 2012-ஐவிட நூற்றுக்கு 46 கூடுதல். கணக்கெடுக்க வந்தவர் என் வீட்டில் கூட்டுக்கு வெளியே நின்ற சேவலையும் விடாமல் எழுதிக்கொண்டார். எண்ணும்போது ஒரு கோழியும் கோழிதான். ஊசி போடும்போது மட்டும் ஐம்பது சேர்ந்தால்தான் கோழி. பெண்களுக்கு அரசு கோழிக்குஞ்சு கொடுத்த விழாவில் பந்தல், மைக், போட்டோ எல்லாம் இருந்தது. வேன் வைத்து ஆள் கூட்டி வந்தார்கள். அந்தக் குஞ்சுகள் எட்டு வாரம் ஆனபோது அந்த வேனைக் காணோம். ஆண்டுதோறும் பிப்ரவரியில் இரண்டு வாரம் தடுப்பூசி முகாம் என்கிறீர்கள். போன வருஷம் நடந்ததாகப் பேப்பரில் நானும் படித்தேன். எங்கள் தெருவில் நடந்ததைப் பார்த்தவர் யாரும் இல்லை. பண்ணைக்காரருக்கு இந்தக் கவலையே கிடையாது. ஆயிரக்கணக்கில் கோழி வைத்திருப்பவருக்குக் குப்பி போதாதே தவிர மிஞ்சாது.

சரி, கோபத்தில் எங்கோ போய்விட்டேன். மன்னிக்கவும்.

மருந்தகத்து டாக்டர் மீது எனக்குக் குறை இல்லை. மாட்டுக்குக் கோமாரி ஊசி, சினை ஊசி, நடுராத்திரியில் கன்று திரும்பிக்கொண்டது என்று வரும் போன், இதற்கு நடுவே எழுத வேண்டிய கணக்குகள். கொட்டிய மருந்துக்குக் காரணம் எழுத வேண்டியிருப்பதால்தான் குப்பியை உடைக்கத் தயங்குகிறார் என்பதும் புரிகிறது. அதனால்தான் மேலே இருப்பவர்களையும் சேர்த்து இதை எழுதுகிறேன். மிச்சம் கொட்டினால் கேள்வி கேட்க மாட்டோம் என்று ஒரு வரி எழுதிக் கொடுங்கள். ராணிப்பேட்டையில் 1932-லிருந்து தடுப்பு மருந்து நிலையம் இருக்கிறது. மருந்துக்கு நாம் வெளி மாநிலத்தில் கையேந்தி நிற்கவில்லை. கொல்லைக் கோழிக்காரர்களுக்கென்று இருபத்தைந்து டோஸில் சிறு குப்பி போட முடியுமா என்று அங்கே கேட்டுப் பாருங்கள். அது வரும்போது வரட்டும். அதுவரை இருக்கிற பெரிய குப்பியை உடையுங்கள்.

எங்கள் பங்குக்கு நாங்களும் சும்மா இருக்கப் போவதில்லை. தேதியை ஒரு வாரம் முன்னால் மருந்தகப் பலகையில் எழுதிப் போட்டால், எங்கள் தெருவிலும் பின் தெருவிலும் வீடு வீடாகச் சொல்வது என் பொறுப்பு. காலை ஏழு மணிக்குள் வந்து வரிசையில் நிற்கிறோம். ஐம்பது சேர்ந்தால் சந்தோஷம். சேராவிட்டாலும், அந்தப் பாட்டியின் மூன்று கோழிக்காகவேனும், குப்பியை உடைத்தே ஆக வேண்டும் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

மாசி பிறக்க இன்னும் சில வாரங்களே இருக்கின்றன. வெயில் ஏறும் முன் முதல் தேதியைச் சொல்லிவிடுங்கள். எந்தச் சனிக்கிழமை என்று மட்டும் தெரிந்தால் போதும், கூடையை எப்படி மறைப்பது என்பதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கொல்லையில் ஒன்பது கோழியும் ஒரு சேவலும் வளர்ப்பவள்