பெட்டி வந்து சேர்ந்தது

கீழக்கரை
வெள்ளிக்கிழமை

அன்பு மகனுக்கு வாப்பா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே எல்லாரும் நலம், அல்ஹம்துலில்லாஹ். உன் உடம்பு எப்படி இருக்கிறது? நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

நீ கார்கோவில் போட்ட பெட்டி செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தது. ஒன்றும் உடையவில்லை. உன் உம்மா அதை நடுவீட்டில் வைத்து, தெருவே பார்க்கிற மாதிரி பிரித்தாள். கோடாலித் தைலம் பாதி அன்றைக்கே பங்கு போய்விட்டது. நிடோ பால்பவுடர் டின்னை மட்டும் பேத்திக்கென்று பீரோவில் வைத்துப் பூட்டியிருக்கிறாள். கம்பளி நல்ல கனம். நம்ம ஊர் வெயிலுக்குக் கம்பளி எதற்கு என்று நீயும் கேட்கமாட்டாய், நானும் கேட்கவில்லை. வெளிநாட்டில் சம்பாதிக்கிற சபுராளி வீட்டில் கம்பளி இல்லையென்றால் ஊர் என்ன சொல்லும்.

சாமான்களை அடுக்கும்போது ஒன்று கண்ணில் பட்டது. டாங்க் ஜூஸ் பவுடர் டப்பாவின் மேல் ஆரஞ்சு நிறத்தில் ஒரு விலைச்சீட்டு, 7.50 என்று. நகத்தால் சுரண்டினேன். அடியில் வெள்ளைச் சீட்டு, 18 திர்ஹம். கவிழ்த்துத் தேதி பார்த்தால் இன்னும் ஐந்து வாரம்தான் இருக்கிறது. ஷாம்பு மூன்றைச் சேர்த்து டேப் ஒட்டியது. பிஸ்கட் டின் ஒரு மூலை நசுங்கியிருந்தது. வழியில் நசுங்கிவிட்டது என்று உம்மா சொன்னாள். இல்லை, சீட்டு நசுங்கின இடத்துக்கு மேலேயே சுருக்கமில்லாமல் ஒட்டியிருக்கிறது. நசுங்கின பிறகு விலை குறைத்து வைத்த டின் அது.

தப்பாக நினைக்காதே. குறைந்த விலைக்கு வாங்கினாய் என்று குறை சொல்லவில்லை. எனக்குச் சந்தோஷம்தான். துபாய் தெய்ராவில் ஜவுளிக்கடையில் நின்றே காலத்தைக் கழித்தவன் நான். தள்ளுபடிப் பலகையை என் கையாலேயே எழுதி மாட்டியிருக்கிறேன். வாசலில் அடுக்கியிருக்கும் 5 திர்ஹம் வாளியில் கடைக்காரனுக்கு லாபம் கிடையாது. வாளியைப் பார்த்து உள்ளே வருகிறவன் கடைக்கோடி வரை நடந்து, வேண்டாத நாலு சாமானையும் சேர்த்து எடுத்து வருவான் பார், அதில்தான் லாபம். 1996இல் துபாய் ஷாப்பிங் திருவிழா முதல் வருஷம் நடந்தபோது நடுராத்திரி தாண்டியும் துணி அளந்து கொடுத்திருக்கிறேன். அப்போது மூட்டை மூட்டையாக வாங்கின நம்ம ஊர்ப் பையன்கள் சிலர் ஊருக்கு வர டிக்கெட்டுக்குக் கடன் வாங்கினார்கள்.

நீ அப்படி இல்லை. சின்ன வயதிலேயே உனக்குக் கணக்கு உண்டு. ஏர்வாடி சந்தனக்கூட்டில் 'எது எடுத்தாலும் பத்து ரூபாய்' கடையில் மற்ற பிள்ளைகள் எல்லாம் துப்பாக்கி எடுக்க, நீ உம்மாவுக்குத் தேங்காய்த் துருவி எடுத்து வந்தாய். அது இன்றைக்கும் அடுப்படியில் இருக்கிறது. ஆனால் நீ எப்போதும் ஒரே கடை, ஒரே மார்க் என்று வாங்குகிறவன். இந்தப் பெட்டியில் அந்த மார்க் ஒன்றுகூட இல்லை.

சிக்கனம் நல்லதுதான். சாப்பாட்டில் மட்டும் பார்க்காதே. மத்தியானம் குப்பூஸ் ரொட்டியும் தயிருமாக ஓட்டிவிடாதே. நான் அப்படி ஓட்டி, வயிற்றுப்புண்ணோடு ஊர் வந்தது உனக்குத் தெரியும்.

உம்மாவும் சும்மா இல்லை. ஆடித் தள்ளுபடி என்று ராமநாதபுரத்துக்கு என்னை பஸ்ஸில் இழுத்துப் போனாள். அரண்மனைப் பக்கம் கால் வைக்க இடமில்லை. படுக்கை விரிப்பு, ஒன்று எடுத்தால் ஒன்று. இரண்டாவதைப் பிரித்துக் காட்டச் சொன்னேன், நெசவில் இழை விட்டிருந்தது. "அது மெத்தைக்கு அடியில போயிரும் பாய்" என்றான் கடைப்பையன். நியாயம்தான். உம்மா நாலு எடுத்தாள்.

முன்னெல்லாம் வெள்ளிக்கிழமை ராத்திரியானால் நீளமாக எழுதி அனுப்புவாய். பெரிய விஷயம் ஒன்றும் இருக்காது. அறையில் யார் குறட்டை, யார் சமையல் முறை, பருப்பில் உப்பு இரண்டு தடவை விழுந்தது, அப்ரா படகில் ஒரு திர்ஹம் கொடுத்து அக்கரைக்குச் சும்மா போய்விட்டு வந்தது, இப்படித்தான். பேத்தி பள்ளிக்கூடம் விட்டு வந்து எனக்கு வாசித்துக் காட்டுவாள். அதைக் கேட்டாலே நீ என்ன சாப்பிட்டாய், எப்போது தூங்கினாய் எல்லாம் தெரிந்துவிடும். உன்னிடம் எதையும் கேட்க வேண்டியிருக்காது. நோன்புக்கு அப்புறம் அது நின்றுவிட்டது. இப்போது கட்டைவிரல் படம்தான் வருகிறது. நான் மூச்சுப் பிடித்துப் பேசி அனுப்பினால் அதற்கும் ஒரு கட்டைவிரல். கல்லூரியில் கட்டுரைக்குப் பரிசு வாங்கின பிள்ளை! பழையதையே திரும்ப வாசிக்கச் சொல்கிறேன், அவளுக்குச் சலித்துவிட்டது.

அஸர் தொழுதுவிட்டு உட்கார்ந்திருந்தபோது ஒரு பேச்சு வந்தது. 2023 முதல் அங்கே சம்பளக்காரர்கள் வேலையிழப்புக் காப்பீடு கட்ட வேண்டுமாமே. அடிப்படைச் சம்பளம் 16,000 திர்ஹம் வரை உள்ளவர்களுக்கு மாதம் 5 திர்ஹம்தான். வேலை போனால் அடிப்படைச் சம்பளத்தில் நூற்றுக்கு 60 வீதம், மூன்று மாதம் வரை வரும். ஆனால் 12 மாதம் விடாமல் கட்டியிருக்க வேண்டும், வேலை போன 30 நாளுக்குள் கேட்க வேண்டும். தானாக ராஜினாமா எழுதிக் கொடுத்தவனுக்குக் கிடையாது. எங்கள் காலத்தில் இதெல்லாம் ஏது. நீ கட்டிக்கொண்டுதான் இருப்பாய். கம்பெனியில் எந்தக் காகிதத்தை நீட்டினாலும் வாசித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடு. வேலையை விட்டு வரும்போது தருகிற சர்வீஸ் பணமும் அப்படித்தான். முதல் ஐந்து வருஷத்துக்கு, வருஷம் ஒன்றுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம், அதற்கு மேல் 30 நாள். அது உன் உழைப்பு, யாரும் தர்மம் கொடுப்பதில்லை. பொதுவாகச் சொல்கிறேன்.

தடைக்காலம் முடிந்து போட்டெல்லாம் கடலுக்குப் போகிறது, மீன் தாராளம். பாம்பன் புதுப் பாலத்தில் கப்பலுக்காக நடுப்பாகத்தை மேலே தூக்குவதைப் பார்க்க வேண்டுமென்று பேத்தி நிற்கிறாள். நீ வந்து கூட்டிப் போவாய் என்று சொல்லி வைத்திருக்கிறேன். போன வருஷமும் அதைத்தான் சொன்னேன்.

பெரியபட்டினம் தோப்புக் குத்தகைப் பணம் வந்துவிட்டது. அதனால் இந்த மாதமும் அடுத்த மாதமும் எனக்கு அனுப்ப வேண்டாம். மருமகளுக்கு அனுப்புவதை மட்டும் நிறுத்தாதே. அதுவும் முடியவில்லை என்றால் எனக்கு ஒரு வார்த்தை சொல், நீ அனுப்பினதாகவே நான் கொண்டுபோய்க் கொடுத்துவிடுகிறேன். அவள் வீட்டார் காதுக்கு ஒன்றும் போகவேண்டியதில்லை. போனில் போட்டிம் ஆப்பில் எந்த நேரம் கூப்பிட்டாலும் எடுப்பேன். சாப்பாட்டை மட்டும் விட்டுவிடாதே.

பயணம் போகிற நடுத்தெரு மச்சான் கையில் சாமான் கொடுத்து அனுப்புகிறேன். ஒரு கிலோ தொதலும் கொஞ்சம் கருவாடும். அறைக்கே வந்து தருவார். மெட்ரோ வாசலிலேயே வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிவிடாதே, பெரிய மனுஷரை உட்காரவைத்து ஒரு டீயாவது கொடு. பெட்டியின் மேல் அனுப்பியவர் விலாசம் அஜ்மான் என்று இருந்தது, நம்பரும் உன் நம்பர் இல்லை. கார்கோ பையன் மாற்றி எழுதியிருப்பான். எதற்கும் எந்த அறைக்கு வரவேண்டும் என்று நீயே அவருக்குச் சரியாகச் சொல்லிவிடு. வியாழக்கிழமை ராத்திரி ஏறுகிறார், அதற்குள் சொல்.

உம்மா சலாம் சொல்லச் சொன்னாள்.

இப்படிக்கு,
வாப்பா