வாப்பாவின் ஏலமும் உன் ஆஃபர் லெட்டரும்

ஷார்ஜா,
வெள்ளி இரவு

அன்புத் தம்பிக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

இங்குள்ள கம்பெனி உனக்குக் கொடுத்த ஆஃபர் லெட்டரைப் படம் பிடித்து நீ அனுப்பியது நேற்று வந்தது. முந்தி நீ எழுதிய இரண்டுக்கும் நான் பதில் போடவில்லை. மனதில் வைத்துக்கொள்ளாதே, உம்மாவிடமும் சொல். போனில் சொன்னால் பாதிதான் காதில் விழும், அதனால்தான் எழுதுகிறேன். கம்பெனிக்காரர்களிடம் பேசும்போது இதைப் பக்கத்தில் வைத்துக்கொள்.

இங்கே இப்போது நல்ல குளிர். பக்கத்துக் கட்டில் நேபாளக்காரர் விடியற்காலை 4 மணிக்கே ஜன்னலைத் திறந்து வைத்து, இஞ்சி தட்டிப் போட்டு டீ காய்ச்சுவார். எனக்கும் ஒரு தம்ளர் கட்டிலுக்கே வந்துவிடும். சாப்பாட்டுக்கு ஒரு குறையும் இல்லை.

"ஆசையை முகத்தில் காட்டாதே, இறுக்கமாக நில், அப்போதுதான் சம்பளத்தை ஏற்றுவான்" என்று வாப்பா சொன்னதாக எழுதியிருக்கிறாய். கரையில் நண்டுக் கூடை ஏலத்துக்கு வரும்போது வாப்பா வேறு பக்கம் பார்ப்பார்கள். பிறகு ஒரு நண்டைக் காலால் புரட்டி, "சதை இல்லையே" என்பார்கள். விலை இறங்கும். கடற்கரையில் அது சரிதான். நண்டு மனம் மாறி மறுநாள் வேறு கூடைக்குப் போய்விடாது. ஆள் போய்விடுவான். விசா, மெடிக்கல், டிக்கெட் எல்லாவற்றுக்கும் செலவு செய்து கூப்பிடுகிறவனுக்கு அந்தப் பயம்தான் பெரிது. ப்ரொபேஷன், அதாவது ஆளைச் சோதித்துப் பார்க்கும் காலம், 6 மாதம் வரை இருக்கலாம். அதற்குள் இங்கேயே வேறு கம்பெனிக்கு மாறுகிறவன் ஒரு மாத நோட்டீஸ் கொடுக்க வேண்டும், பழைய கம்பெனி செய்த செலவைப் புதுக் கம்பெனி ஈடு கட்ட வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள் என்றால் பார். நீ முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால் சம்பளம் ஏறாது. "இவன் நிற்க மாட்டான்" என்று அடுத்த ஆளைக் கூப்பிடுவார்கள்.

இன்னொன்றையும் யோசி. உன்னிடம் பேசுகிற எச்.ஆர். ஆள் தன் கையிலிருந்து தரப்போவதில்லை. அவர் மேனேஜரிடம் போய்க் கேட்க வேண்டும். "பையன் வரத் துடிக்கிறான், இந்த ஒன்றைச் செய்தால் நாளைக்கே கையெழுத்து" என்று அவர் சொல்லும்படி நீ அவருக்கு வார்த்தை கொடுக்க வேண்டும்.

ஆர்வம் என்பது "எவ்வளவு கொடுத்தாலும் வருகிறேன் சார்" என்பது இல்லை. அப்படிச் சொன்னால் இருப்பதையும் குறைப்பார்கள். வீட்டுக் கடன், லாத்தா கல்யாணம் எதையும் எடுக்காதே. வேலையின் மேல் ஆர்வம் காட்டு, அதுவும் குறிப்பாகச் சொல். "உங்கள் கம்பெனி பிடித்திருக்கிறது" என்று யார் வேண்டுமானாலும் சொல்வார்கள். நீ இப்படிச் சொல்:

"இறால் ஸ்டாக்கை லாட் வாரியாகப் பார்க்க வேண்டும் என்று இன்டர்வியூவில் சொன்னீர்கள். ஐஸ் பிளாண்டில் நான் செய்வதும் அதுதான். இந்த வேலைக்கு வர எனக்கு முழு விருப்பம். கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரு விஷயம் கேட்க வேண்டும்."

கடைசி வரிக்கு முன்னால் "ஆனால்" போடாதே. அந்த ஒரு சொல் முன்னே சொன்னதையெல்லாம் அடித்துவிடும். வாட்ஸ்அப்பில் தட்டாமல் போனில் பேசு, உன் குரலில் இருக்கிற சந்தோஷம் எழுத்தில் வராது. கேட்ட பிறகு சும்மா இரு. அவர்கள் யோசிக்கும்போது பயந்துபோய், "இல்லாவிட்டாலும் பரவாயில்லை சார்" என்று நீயே விழுந்துவிடாதே. நம் ஆட்கள் பலர் தோற்பது அந்த இடத்தில்தான்.

என்ன கேட்பது? மொத்தம் 3,500 திர்ஹம் போட்டிருக்கிறார்கள், அதில் பேசிக், அதாவது அடிப்படைச் சம்பளம், 1,500தான், மீதி அலவன்ஸ். மொத்தத்தை ஏற்றச் சொல்லாமல் பேசிக்கை 2,100 ஆக்கச் சொல். மாதச் செலவு கூடாது என்பதால் அவர்களுக்கு ஒத்துக்கொள்வது சுலபம். 2022 பிப்ரவரியிலிருந்து நடப்பில் உள்ள சட்டப்படி, வேலையை விட்டுப் போகும்போது கிடைக்கும் கிராஜுவிட்டி முதல் 5 வருடத்துக்கு வருடம் 21 நாள் பேசிக். 1,500 என்றால் நாளுக்கு 50, வருடத்துக்கு 1,050. 2,100 என்றால் 1,470. ஐந்து வருடத்தில் 2,100 திர்ஹம் வித்தியாசம். ஓவர்டைமும் பேசிக்கை வைத்துத்தான்.

கூடவே ஊர் வந்து போக டிக்கெட் உண்டா என்றும் கேள். இரண்டையும் ஒரே தடவையில் கேட்டுவிடு. ஒன்று கிடைத்ததும் இன்னொன்று, அது கிடைத்ததும் மற்றொன்று என்று போனால் நல்ல மனிதருக்கும் எரிச்சல் வரும். முடியாது என்றால், "சரி, ப்ரொபேஷன் முடிந்ததும் பார்க்கலாம் என்று மெயிலில் ஒரு வரி போடுங்கள்" என்று சிரித்த முகமாகவே கேள். சரி என்றால் அன்றைக்கே சம்மதம் எழுதி அனுப்பு, மேற்கொண்டு எதுவும் கேட்காதே.

இங்குள்ள தொழிலாளர் அமைச்சகத்தின் ஆஃபர் தமிழிலும் கிடைக்கும், கேட்டு வாங்கிப் படி. அதில் கையெழுத்தாகும் வரை ஐஸ் பிளாண்ட் வேலையை விடாதே. விசாவுக்கு என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதே. ஆள் எடுக்கும் செலவு முதலாளியுடையது, சட்டம் அப்படித்தான்.

நீ அனுப்பிய படத்தின் ஓரத்தில் நம் திண்ணை தெரிகிறது. உம்மா தொதல் கிண்டுகிற பெரிய சட்டி கவிழ்ந்து கிடக்கிறது, அதன் மேல் யாரோ ஈரத் துண்டைக் காயப் போட்டிருக்கிறீர்கள். பெரிதாக்கிப் பெரிதாக்கி அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் சேர்ந்து காய்கிற வாசம் வந்த மாதிரியே இருந்தது. லெட்டரைப் படித்தது அதற்கப்புறம்தான்.

லாத்தா வளையலுக்கு பேங்கில் 14ஆம் தேதிக்குள் வட்டி கட்ட வேண்டும். என் பணம் 20ஆம் தேதிக்கு மேல்தான் வரும், வேறு ஒன்றும் இல்லை, இந்த மாதம் கணக்கு கொஞ்சம் தள்ளிவிட்டது. அதுவரை பெரிய மாமாவிடம் கைமாற்று வாங்கி வட்டியை மட்டும் கட்டிவிடு, உம்மாவுக்குத் தெரிய வேண்டாம். உம்மா கண்ணுக்கு மதுரையில் தேதி சொல்லிவிட்டார்களா? வாப்பாவை வாடைக் காற்றில் விடியுமுன் கரைக்குப் போக விடாதே. பேசி முடித்ததும், எந்த நேரமானாலும், எனக்குப் போன் போடு.

உன் காக்கா