கொலையுண்டவரின் பெயர் என்ன?

குற்றப்படங்களையும் த்ரில்லர்களையும் எழுதி இயக்கும் படைப்பாளிகளுக்கு,

வணக்கம். நான் திரைத்துறையைச் சேர்ந்தவன் அல்லன். திரைக்கதைக் கலையில் எந்தப் பயிற்சியும் பெற்றதில்லை. படம் பார்ப்பதும், பார்த்த படத்தைப் பற்றி அன்றிரவே ஒரு குறிப்பேட்டில் சில வரிகள் எழுதி வைப்பதும் பல ஆண்டுகளாக எனக்கு வழக்கம். அந்தக் குறிப்பேட்டில் த்ரில்லர்களுக்கென்று ஒரு தனிக் கேள்வியைச் சில காலத்துக்கு முன் சேர்த்துக்கொண்டேன்: இந்தப் படத்தில் கொல்லப்பட்டவரின் பெயர் என்ன? கொலையாளியின் பெயரும், துப்பறிந்த அதிகாரியின் பெயரும், அவருடைய தூக்கமின்மைக்கான காரணமும்கூட நினைவிலிருக்க, எவருடைய சாவைச் சுற்றி இரண்டரை மணி நேரக் கதை நடந்ததோ அவருடைய பெயர் மட்டும் பெரும்பாலான இரவுகளில் என் நினைவுக்கு வருவதில்லை. முதலில் என் மறதிதான் காரணம் என்று எண்ணினேன். அதே படங்களை மறுபடியும் பார்த்தபோது, பலவற்றில் அந்தப் பெயர் ஒரே ஒரு முறை, பிணக்கூறாய்வு அறையிலோ காவல் நிலையத்திலோ, யாரோ ஒருவர் கோப்பைப் புரட்டியபடி வாசிக்கும் விவரமாக மட்டுமே வந்து போவதைக் கண்டேன். அதைப் பற்றி உங்களிடம் பேசுவதற்காகவே இம்மடலை எழுதுகிறேன்.

இந்த வகைப் படங்களின் மீது எனக்கு எந்த வெறுப்பும் இல்லை. மற்ற எல்லா வகைகளையும்விட இவற்றையே நான் அதிகம் விரும்பிப் பார்க்கிறேன். விரும்புவதால்தான் வருத்தமும் ஏற்படுகிறது. கொலையை மையமாகக் கொண்ட கதை, ஓர் உயிர் போனதை நமக்கு உணர்த்தாமலேயே முடிந்துவிட முடியும் என்பது எனக்கு இன்னும் ஏற்கத்தக்கதாகத் தோன்றவில்லை.

ஃபிரிட்ஸ் லாங் 1931-இல் எடுத்த 'எம்' படத்தின் தொடக்கத்தை நீங்கள் அனைவரும் அறிவீர்கள். ஆயினும் அதைப் பற்றிச் சற்று விரிவாகவே பேச விரும்புகிறேன். பள்ளி விட்டு வரவேண்டிய மகளுக்காக ஒரு தாய் மேசையில் தட்டை எடுத்து வைக்கிறாள். கடிகாரத்தைப் பார்க்கிறாள். படியில் காலடி ஓசை கேட்கும்போது எழுந்து போய்ப் பார்க்கிறாள். வருவது வேறு குழந்தைகள். பிறகு அவள் 'எல்ஸி' என்று மகளை அழைக்கிறாள். அந்த அழைப்பின் மீதே ஆளற்ற மாடிப்படி, துணி உலரும் வெற்றுப் பரண், உண்ணப்படாமல் இருக்கும் தட்டு என்று காட்சிகள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. புதரிலிருந்து ஒரு பந்து உருண்டு வந்து நிற்கிறது. கம்பிகளில் ஒரு பலூன் சிக்கித் தவித்துப் பின் காற்றில் போய்விடுகிறது. கொலை காட்டப்படவே இல்லை. கத்தியும் இரத்தமும் அலறலும் இல்லாத அந்தச் சில நிமிடங்களுக்குப் பிறகு, படம் முழுவதும் நகரமே சேர்ந்து ஒருவனைத் துரத்தும்போது, அந்தத் தட்டு நம் கண்ணை விட்டு அகலுவதில்லை. அதே படம் கொலையாளிக்கும் தன் மனவேதனையைக் கொட்டித் தீர்க்க ஒரு நீண்ட காட்சியைத் தருகிறது என்பதை நான் மறக்கவில்லை; பீட்டர் லோரே அதை நடித்த விதம் இன்றும் உலுக்குகிறது. ஆனால் லாங் படத்தை அவனிடம் முடிக்கவில்லை. கறுப்புடை அணிந்த தாய்மாரிடம் கொண்டுவந்து முடிக்கிறார்; எந்தத் தீர்ப்பாலும் குழந்தைகள் திரும்பி வரப்போவதில்லை என்பதை எல்ஸியின் தாயே சொல்கிறாள்.

இன்றைய படங்களில் நான் காண்பது பெரும்பாலும் இதன் தலைகீழ் வடிவம். கொலையாளிக்குக் குழந்தைப் பருவம் உண்டு. அவனைக் கேலி செய்த பள்ளித் தோழர்கள் உண்டு. அவனுக்கென்று தனி இசை உண்டு. இடைவேளைக்குப் பின் அரைமணி நேர ஃபிளாஷ்பேக் உண்டு. கொல்லப்பட்டவருக்கோ அதிகாரியின் அறைச் சுவரில் குண்டூசியால் குத்தப்பட்ட ஒரு புகைப்படம் மட்டுமே இருக்கிறது. அந்தப் புகைப்படத்திலிருந்து இன்னொன்றுக்குச் சிவப்பு நூல் கட்டப்படுகிறது; கொலைகளுக்கிடையிலான ஒற்றுமை கண்டுபிடிக்கப்படுகிறது; கண்டுபிடித்தவரின் கூர்மையை நாம் வியக்கிறோம். அந்த முகங்களுக்குச் சொந்தமானவர்கள் அன்று காலை எதற்காக வீட்டை விட்டுப் புறப்பட்டார்கள், யாருக்கு என்ன வாக்குக் கொடுத்திருந்தார்கள் என்பதைச் சொல்ல ஒரு காட்சிகூட ஒதுக்கப்படுவதில்லை. இறந்தவர் இளம்பெண்ணாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம்: அவள் உயிரோடிருந்த நேரத்தைவிட அவளுடைய உடலின் மீது கேமரா மெல்ல நகரும் நேரமே அதிகமாக இருக்கிறது. இதைச் சொல்லும்போது எனக்குக் கோபம் வருகிறது என்பதை மறைக்க விரும்பவில்லை.

இந்த வகையின் முன்னோடிகள் வேறு விதமாகவும் செய்திருக்கிறார்கள். ஹிட்ச்காக்கின் 'சைக்கோ' (1960) குளியலறைக் காட்சிக்காகவே பேசப்படுகிறது. ஆனால் அந்தக் காட்சிக்கு முன் ஏறத்தாழ முக்கால் மணி நேரம் நாம் மேரியன் என்ற பெண்ணோடு மட்டுமே வாழ்ந்திருக்கிறோம். 40,000 டாலரை எடுத்துக்கொண்டு ஓடுகிறாள், சாலையில் அஞ்சுகிறாள், கடைசியில் பணத்தைத் திருப்பித் தந்துவிடலாம் என்று முடிவெடுக்கிறாள். அந்த முடிவுக்குப் பின்தான் கத்தி வருகிறது. திருந்தத் தொடங்கிய ஒரு மனம் வெட்டுப்படுவதால்தான் அந்தக் காட்சி இத்தனை ஆண்டுகளாக வலிக்கிறது. படத்தொகுப்பின் வேகம் மட்டுமே அதற்குக் காரணம் என்று நான் நம்பவில்லை. அதே படத்தின் இறுதியில் மனநல மருத்துவர் கொலையாளியின் உள்ளத்தை நீளமாக விளக்கும் காட்சி எனக்கு எப்போதும் பலவீனமாகவே படுகிறது. இருப்பினும் ஹிட்ச்காக் அந்த விளக்கத்தோடு நிறுத்தவில்லை: சதுப்பிலிருந்து மேரியனின் கார் இழுக்கப்படும் காட்சியோடுதான் படம் முடிகிறது. 'சைக்கோ'வுக்கு இருபது ஆண்டுகளுக்கு முன் அவர் எடுத்த 'ரெபெக்கா'வில் இன்னும் துணிச்சலான செயல் ஒன்று உண்டு. அங்கே உயிரோடிருக்கும் நாயகிக்குப் பெயரே கிடையாது. திரையில் ஒருமுறைகூடத் தோன்றாத இறந்த பெண்ணின் பெயரே படத்தின் தலைப்பு.

தமிழில் இதற்கான முன்னுதாரணம் 1954-லேயே இருக்கிறது. எஸ். பாலசந்தரின் 'அந்த நாள்' பாடல்கள் இல்லாத படம் என்றே பெரும்பாலும் நினைவுகூரப்படுகிறது. வானொலிப் பொறியாளர் ராஜன் சுடப்பட்டு விழுவதில் அது தொடங்குகிறது. விசாரணையில் ஒவ்வொருவரும் தத்தம் கோணத்தில் கதை சொல்லச் சொல்ல, கொலையாளி யார் என்ற கேள்வியோடு, கொலையுண்டவன் யார் என்ற கேள்வியும் வளர்ந்துகொண்டே போகிறது. அவன் நல்லவனாகக் காட்டப்படுவதில்லை. இறந்தவரைத் தெய்வமாக்கும்படி நான் உங்களைக் கேட்கவில்லை. முழு மனிதராக்கும்படி மட்டுமே கேட்கிறேன்.

இதைக் குடும்பக் கதைகள் எப்போதும் அறிந்தே வைத்திருக்கின்றன. பாலு மகேந்திராவின் 'வீடு' (1988) படத்தில் கொலை இல்லை, துரத்தல் இல்லை. ஒரு பெண் ஒரு சிறு வீடு கட்ட முயல்கிறாள், அவ்வளவுதான். ஆயினும் சிமெண்டும் கடனும் அனுமதியும் அவளை நெருக்கும்போது எனக்கு ஏற்பட்ட பதைப்பு, பல த்ரில்லர்களில் ஏற்பட்டதில்லை. பாதி கட்டிய அந்த வீட்டுக்குள் முதிய தாத்தா நடந்து சுற்றிப் பார்க்கும் காட்சியைப் பார்த்தபின், அவருடைய மரணம் நம் வீட்டு மரணமாகிவிடுகிறது. மகேந்திரனின் 'உதிரிப்பூக்கள்' (1979) இதைவிடக் கடினமான வேலையைச் செய்கிறது: நாம் மனதார வெறுத்த ஒருவனை ஊரே சேர்ந்து ஆற்றுக்குள் அனுப்பும்போது, நம் பார்வை கரையில் நிற்கும் அவன் குழந்தைகளின் மீது விழுகிறது. பழிதீர்ந்தது என்ற நிறைவு அங்கே நமக்கு மறுக்கப்படுகிறது. ஒரு கொடியவனின் சாவிற்கே அத்தனை கனம் தர முடியுமென்றால், எந்தத் தவறும் செய்யாமல் முதல் காட்சியில் இறந்துபோகும் பெண்ணுக்கு ஏன் தர முடியாது?

கதையின் வேகம் குறைந்துவிடும் என்று நீங்கள் சொல்லக்கூடும். அது நியாயமான அச்சம்தான். பார்வையாளர்களாகிய நாங்களும் பொறுமையற்றவர்களாக இருந்து அந்த அச்சத்தை வளர்த்திருக்கிறோம். ஆனால் இதற்கு நீண்ட நேரம் தேவையில்லை. போங் ஜூன்-ஹோவின் 'மெமரீஸ் ஆஃப் மர்டர்' (2003) படத்தில் ஓர் அதிகாரி ஒரு பள்ளி மாணவியின் முதுகில் ஒரு சிறு பிளாஸ்திரியை ஒட்டிவிடுகிறார். சாதாரணமான காட்சி, சில நொடிகளே நீடிக்கும். பின்னர் மழையில் கிடக்கும் ஓர் உடலில் அதே பிளாஸ்திரியைக் காணும்போது, அதுவரை ஆவணங்களை மட்டுமே நம்பிய அந்த அதிகாரி நிலைகுலைந்து போகிறார். நாமும் அவரோடு நிலைகுலைகிறோம். படம் கொலையாளியைக் கடைசி வரை காட்டிக்கொடுக்கவில்லை. அதற்கு அடிப்படையான உண்மை வழக்கில் குற்றவாளி அடையாளம் காணப்பட்டதே 2019-இல்தான். கொலையாளியின் முகம் தெரியாமலேயே பதினாறு ஆண்டுகள் ஒரு படம் மக்களின் மனத்தில் நின்றிருக்கிறது என்றால், கடைசித் திருப்பத்தை மட்டுமே நம்பி எழுத வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை.

பார்வையாளர் குற்றம் செய்தவரின் பக்கம் நிற்கும் கதையிலும் இது இயலும். 'பாபநாசம்' (2015) படத்தில் சுயம்புலிங்கத்தின் குடும்பம் தப்ப வேண்டும் என்றுதான் நாம் முழு மனதோடு விரும்புகிறோம். இருந்தும் இறுதியில் இறந்த இளைஞனின் பெற்றோர் அவர் முன் வந்து நிற்கும்போது, அதுவரை ரசித்த சாமர்த்தியம் அனைத்தும் தொண்டையில் சிக்கிக்கொள்கிறது. வெற்றிமாறனின் 'விசாரணை' வேறொரு வழியைத் தேர்ந்தெடுக்கிறது: அங்கே கதை நடத்துபவர்களே பலியாகிறவர்கள். பாண்டியையும் அவன் நண்பர்களையும் நாம் பெயர் சொல்லி அறிவோம். அவர்கள் எங்கே உறங்கினார்கள், எதைக் கண்டு சிரித்தார்கள் என்பதும் தெரியும். அந்தப் படத்தைப் பார்த்த இரவில் குறிப்பேட்டின் அந்தக் கேள்விக்கு விடை எழுத நான் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை.

ஆகவே உங்களிடம் நான் வைக்கும் வேண்டுகோள்கள் சிறியவை. கதையில் ஒருவரைக் கொல்வதாக முடிவெடுத்தால், அவருக்காக யாராவது ஒருவர் காத்திருக்கும் ஒரு காட்சியை எழுதுங்கள். அவர் பாதியில் விட்டுச் சென்ற ஒரு வேலையைக் காட்டுங்கள். கொலையாளியின் இளமைக்கு ஒதுக்கும் நேரத்தில் ஒரு பங்கையாவது கொல்லப்பட்டவருக்கு ஒதுக்குங்கள். உடலைக் காட்டியே ஆகவேண்டிய இடத்தில், அதைப் பார்க்க நேர்ந்த உறவினரின் கண்களிலிருந்து காட்டுங்கள். இறுதியில் ஓடும் நடிகர் பட்டியலில் 'முதல் பெண்', 'இரண்டாவது பெண்' என்று போடாமல், அவர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு பெயரை வைத்து, அதைக் கதைக்குள்ளேயும் அவர்களை நேசித்த ஒருவரின் வாயால் ஒரு முறையேனும் அழைக்கச் செய்யுங்கள்.

அன்புடன்,
உங்கள் படங்களைத் தொடர்ந்து பார்க்கும் ஒரு ரசிகன்