ரயில் நிலையத்தில் படம் எடுக்கலாமா, கூடாதா?

ஆசிரியருக்கு,

1990இல் நின்ற ரயில் 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணம் திரும்பியது. இன்று யாழ்தேவி ரயிலில் வந்திறங்கும் வெளிநாட்டு உறவுகள் ஊர்ப் பெயர்ப்பலகையின் கீழ் குடும்பமாய் நின்று படம் எடுப்பது வழமை. அண்மையில் வடபகுதி நிலையமொன்றில் என் மருமகள் பேரனைப் படம் எடுக்க, “கமராவுக்கு அனுமதி வேணும்” என்று கடமையில் நின்றவர் மறித்தார். பக்கத்தில் ஒருவர் கைத்தொலைபேசியில் வீடியோ எடுத்தபடியே நின்றார். அவரை ஒன்றும் கேட்கவில்லை. எது தடை, அனுமதியை யாரிடம் பெறுவது? பயணச்சீட்டு யன்னலடியில் மும்மொழியிலும் ஒரு பலகை போட்டால் என்ன? கலியாண அல்பக் குழுவினர் லைட் பூட்டி ரயில் மேடையை அடைக்கும்போது அனுமதி கேட்பது நியாயம்தான். தண்டவாளத்தில் இறங்கி செல்பி எடுக்கும் பொடியளை அல்லவா முதலில் மறிக்க வேண்டும்? அந்தப் பக்கம் மட்டும் கடமையில் ஒருவரையும் காணோம்.

ஒரு பயணி,
கொக்குவில்.