ஆறாம் எண் கூண்டு யாருக்காக?

தமிழகக் கடற்கரைத் துறைமுக அதிகாரிகளுக்கு,

வணக்கம். ஐப்பசி பிறந்துவிட்டால் டிவியின் அடியில் ஓடும் வரி எங்களுக்கு மனப்பாடம்: கடலூர், நாகை, பாம்பன் துறைமுகங்களில் இத்தனாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றம். எண் ஏற ஏற ஆபத்தும் ஏறும் என்றுதான் பெரும்பாலோர் நினைக்கிறோம். அது பாதிதான் சரி.

5, 6, 7 மூன்றும் ஒரே படி ஆபத்து. புயல் போகும் திசையில் பார்த்து, துறைமுகம் அதன் பாதைக்கு இடப்பக்கம் இருந்தால் 5, வலப்பக்கம் இருந்தால் 6, புயல் துறைமுகத்தின் மேலேயோ ஒட்டியோ கடந்தால் 7. கடும் புயல் என்றால் இதே வரிசையில் 8, 9, 10. பதினொன்றுதான் உச்சம் என்று பயப்படுகிறவர்கள் உண்டு. வானிலை மையத்தோடு தகவல் தொடர்பு அறுந்துபோனது என்பதே அதன் பொருள்.

இடம் வலம் எல்லாம் யாருக்குத் தேவைப்பட்டது? கப்பல் கேப்டனுக்கு. 1864 அக்டோபரில் கல்கத்தாவைப் புயல் சூறையாடிய பிறகு, அடுத்த ஆண்டே அந்தத் துறைமுகத்துக்கு எச்சரிக்கை ஏற்பாடு வந்தது. 1886 வாக்கில் மற்றத் துறைமுகங்களுக்கும் அது பரவியது. 1898 ஏப்ரல் முதல் எல்லா இடத்திலும் ஒரே மாதிரிக் குறிகள்: பகலில் கூம்பும் உருளையும், இரவில் விளக்குகள்.

மதராஸில் இதன் அருமை இன்னும் அதிகம். அங்கே நெடுங்காலம் துறைமுகமே கிடையாது. கப்பல்கள் திறந்த கடலில் நங்கூரமிட்டு நிற்கும். சரக்கும் ஆட்களும் மசூலா என்ற நாட்டுப் படகில் அலை தாண்டிக் கரைக்கு வரவேண்டும். புயல் வருகிறதென்றால் தப்ப ஒரே வழி, நங்கூரத்தைக் கடலிலேயே விட்டுவிட்டு ஆழ்கடலுக்கு ஓடுவதுதான். காற்று கரையை நோக்கித் திரும்பிவிட்டால் பாய்மரக் கப்பலுக்கு அதுவும் முடியாது. மணலில் கொண்டுபோய் அறைந்துவிடும். 1746 அக்டோபரில் பிரெஞ்சுக் கப்பல்களுக்கும், 1872 மே மாதம் அங்கே நின்ற கப்பல்களுக்கும் நேர்ந்தது அதுதான். சுவர் எழுப்பித் துறைமுகம் கட்டினார்கள். வேலை முடியும் தறுவாயில் 1881 நவம்பர் புயல் அந்தச் சுவர்களையும் உடைத்துப்போட்டது. நாலு மணி நேரம் முன்னால் சேதி கிடைப்பது எவ்வளவு பெரிய விஷயமாக இருந்திருக்கும்!

சரி, இன்றைக்குக் கேப்டன்களுக்கு செயற்கைக்கோள் இருக்கிறது. கூண்டைப் பார்ப்பது, அல்லது கூண்டுச் செய்தியைக் கேட்பது, கரையில் இருக்கும் நாங்கள். எங்களுக்கும் அந்த இடம் வலம் வேண்டும். வங்கக் கடலிலிருந்து மேற்கே வரும் புயலுக்கு வலப்பக்கம் என்றால் வடக்கு. அந்தப் பக்கம் காற்று கடலிலிருந்து கரைக்கு வீசி, நீரை ஊருக்குள் தள்ளும். தெற்குப் பக்கத்தில் பெரும்பாலும் தரைக்காற்று. ஆக, 5-க்கும் 6-க்கும் உள்ள வேறுபாடு குப்பத்துக்குள் கடல் வருமா என்ற கேள்விக்கே நெருக்கமானது. அதை நீங்கள் எண்ணுக்குள் பூட்டி வைத்திருக்கிறீர்கள். செய்திகளிலோ "துறைமுகத்தின் இடது பக்கமாகப் புயல் கரையைக் கடக்கும்" என்று எழுதி, விஷயத்தைத் தலைகீழாக்கிவிடுகிறார்கள். அதுவும் யாருடைய இடது? கடலைப் பார்த்து நின்றால் ஒன்று, ஊரைப் பார்த்து நின்றால் வேறொன்று.

கூண்டை எடுக்கச் சொல்லவில்லை. எண்ணோடு கூடவே ஒரு வரி சேருங்கள்: "புயல் நமக்குத் தெற்கே கடக்கும், காற்று கடலிலிருந்து அடிக்கும், நீர் உள்ளே வரலாம்." இடம் வலம் வேண்டாம், வடக்கு தெற்கு போதும். மீன் இறங்குதளத்துப் பலகையிலும் ஒலிபெருக்கியிலும் அந்த வரி வரட்டும்.

அதிகாரத்துக்குப் புயலைப் பற்றி மடல் எழுதுவது புதிதல்ல. வங்காளத்தின் மாத்லா ஆற்றங்கரையில் துறைமுகம் கட்டினால் புயலலை விழுங்கிவிடும் என்று புயல்களை ஆராய்ந்த ஹென்றி பிடிங்டன் 1853-இல் கவர்னர் ஜெனரல் டல்ஹவுசி பிரபுவுக்கு எழுதினார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அங்கே கட்டிய போர்ட் கானிங் துறைமுகம் 1867-இல் புயலில் சிதைந்தது. நான் கேட்பதற்குச் செலவு அதிகமில்லை. வரும் வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே தொடங்கிவிடலாம்.

இப்படிக்கு,
கடற்கரைவாசி ஒருவன்